அலகில் இருந்த மீன்

ஜொகூர் பாருவில் அச்சுக் கடைக்காரர் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் வாசுகி அந்த மீனை முதன்முதலாகப் பார்த்தாள். படம் அவள் எடுத்ததுதான். நாட்காட்டியில் வந்து, பள்ளிக்கூடச் சுவர்களில் ஏறி, பரிசு வாங்கி, அவளையும் மேடைமேடையாக ஏற்றிவிட்ட படம். பாலில்லாத கோப்பி ஓ நிறத் தண்ணீரிலிருந்து மேலெழும் நீலக்காது மீன்கொத்தி, விரிந்த சிறகு, தெறிக்கும் துளிகள். ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். ஆயிரம் தடவையும் பறவையைத்தான் பார்த்தாள். கூர்மையைச் சரிபார்க்கக் கடைக்காரர் அலகின் நுனிக்குப் போனார். அங்கே மீனின் வாலில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தன.

அது கப்பி. டெங்கிக் கொசுவை ஒழிக்க வேண்டும் என்று புருஷன் குணாளன் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் வளர்க்கிறானே, அதே கப்பி. காலையில் எழுந்ததும் அதற்குத் தீனி தூவுகிறவளே அவள்தான். அந்தச் சதுப்புக்காட்டின் புளிப்புத் தண்ணீரில் கப்பி பிழைக்காது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். கடைக்காரர் ஆளுயரத்துக்கு அடித்துவிடலாமா என்று கேட்டார். சரி என்றாள். வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

சுருட்டிய படத்தைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு பெக்கான் நானாஸில் இருந்த வீட்டுக்குக் காடியைத் திருப்பினாள். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வைத்து மின்னணுப் பலகைகளின் சின்னச் சின்ன ஈயப் பொட்டுகளில் குறை கண்டுபிடிப்பதுதான் ஒரு காலத்தில் அவள் வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மேலாளரே சொல்வார். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் கேமராவைத் தூக்கினாள். வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து; மற்ற நாளெல்லாம் அன்னாசித் தோட்டங்களுக்குப் பின்னால் மிச்சமிருந்த அந்தச் சதுப்புக்காடு. அட்டை கடித்தது, காய்ச்சல் வந்தது, மீன்கொத்தி மட்டும் வரவில்லை. ஆற்றோரம் மறைப்புக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து, இனி முடியாது, கேமராவை விற்றுவிடலாம் என்று ஒருநாள் குணாளனின் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கடுத்த வாரமே பறவை வந்தது. அன்று அவள் ஈரமண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு யாரைக் கூட்டிப்போனாலும் பறவை வந்தது. நிருபர்கள் வந்தார்கள், பல்கலைக்கழகத்தார் வந்தார்கள். அவர்கள் காலை ஊன்றி நிற்பதற்குள் அது கிளையில் வந்து உட்காரும். வாசுகி கைராசிக்காரி என்று ஊரே பேசியது. அவளும் நம்பினாளே, அதைச் சொல்லுங்கள். இதில் ராஜசேகரன் கதை வேறு. பறவைப் படம் எடுப்பவர்கள் குழுவில் மூத்தவர், புழுவை ஊசியில் குத்திவைத்துப் பறவையை வரவழைத்தார் என்று அவரைப் பெயர் சொல்லிக் கிழித்து எழுதினாள். மனிதர் அதன்பிறகு குழுப்பக்கமே தலைகாட்டவில்லை. அந்தப் பதிவை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வார்த்தை இன்னும் கொஞ்சம் காரமாக இருக்கட்டும் என்று எடுத்துக் கொடுத்தவன் குணாளன்தான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. குணாளன் தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன வலையால் கப்பிகளை வாளிக்குள் அள்ளிக்கொண்டிருந்தான். நாளைக் காலை ஒய்.பி. வருகிறார். சட்டமன்றத்தில் அந்தத் தொகுதிக்குப் பேசுகிறவர். காட்டுத் தண்ணீரை வடித்து எண்ணெய்க்குச் செம்பனை நடக் கேட்கும் மனு அவர் மேசையில் இருக்கிறது. அந்தப் பறவையை என் கண்ணால் பார்க்கிறேன், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருந்தார். வாய்க்கால் வெட்டும் இயந்திரம் ஏற்கெனவே வரப்பில் வந்து நிற்கிறது. வாசுகி சுருளை விரித்து, அந்த அலகின்மேல் விரலை வைத்தாள்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தண்ணீருக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினைப் புதைத்து அதில் மீன் விட்டதையும், பறவை உட்காரத் தோதாக அந்தக் காய்ந்த கிளையை நட்டதே தான்தான் என்பதையும், யாராவது வருகிற நாளில் முன்கூட்டியே போய் மீனைக் கொட்டிவிட்டு வந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். நீ அழுததை என்னால் தாங்க முடியவில்லை என்றான்.

"அந்தப் பறவ அங்கதான் இருக்கு, வாசுகி. அது பொய் இல்லையே. நான் கூப்ட்டேன், அவ்வளவுதான் லா."

"காடு எனக்குக் குடுத்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க," என்றாள். "இவ்ளோ நாளா."

வேறொருத்தியோடு போயிருந்தால்கூட ஊரைக் கூட்டி அழலாம். இவன் அவளோடுதான் இருந்தான், அவளுக்காகத்தான் செய்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாளியைத் தூக்கி மீன்களைத் திரும்பத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். நாளைக்கு ஒன்றும் வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள். பறவை வராவிட்டால் காடு போய்விடுமே என்று அவன் கேட்டபோது அவள் வெறும் வாளியைத் தொட்டியருகே கவிழ்த்து வைத்தாள். அன்று ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், குழம்பு வேண்டுமா என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

காலையில் ஒய்.பி. புத்தம்புது ரப்பர் காலணியோடு வந்து இறங்கினார். கூடவே நாலைந்து அதிகாரிகள். ஆளுயரப் படத்தை வாசுகி காடியிலேயே விட்டுவிட்டாள், யாரும் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் எல்லோரும் மூச்சை அடக்கி நின்றார்கள். குணாளன் கூட்டத்துக்குப் பின்னால், ஒரு மரத்தை ஒட்டி நின்றான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினானா என்று அவளுக்குத் தெரியாது. அதைக்கூட நம்ப முடியாத இடத்துக்கு வந்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. வந்துவிடு என்று மனசு ஒரு பக்கம் கெஞ்சியது. வராதே, இன்றைக்காவது வராதே என்று அதே மனசு இன்னொரு பக்கம் கெஞ்சியது.

வந்தது. நீலமாக ஒரு கோடு, அப்புறம் காய்ந்த கிளையில் அந்தச் சின்ன உடம்பு. அதிகாரிகள் கைப்பேசியைத் தூக்கினார்கள். ஒய்.பி.யின் முகம் குழந்தை முகமாகிவிட்டது.

"தெனமும் வருமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசுகி பறவையைப் பார்த்தாள். அது தலையைச் சாய்த்துத் தனக்கு நேர் கீழே தண்ணீரைப் பார்த்தது. பேசின் இருந்த இடத்தையே பார்த்தது. அங்கே ஒன்றும் அசையவில்லை. ஆற்றின் மற்ற பக்கத்தை அது தேடவில்லை. பிறகு தலையைத் தூக்கி, ஒய்.பி.யைத் தாண்டி, அதிகாரிகளைத் தாண்டி, மரத்தடியில் நின்ற குணாளனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவன் தன் வெறுங்கைகளை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.