நீலத் துண்டு

கொடிக்கயிற்றில் இரண்டு கிளிப்புகள் மட்டும் தொங்கின. அவற்றுக்கு நடுவில் ஒன்றும் இல்லை.

"அம்மாவோட நீலத் துண்டு எங்க?" என்று கேட்டாள் நாத்தனார்.

மருமகள் அந்த இரண்டு கிளிப்புகளையே பார்த்தாள். துண்டு எங்கே இருக்கிறது என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியலக்கா."

"காலையில நான்தான் காயப் போட்டேன். அதுக்குள்ள காக்காவா தூக்கிட்டுப் போச்சு? ஆஸ்பத்திரியில தொலைஞ்சிடும்னு அதை நான் கொடுக்கவே இல்ல. பதினெட்டு நாளும் 'என் துண்டு, என் துண்டு'ன்னு ஒரே பாட்டு. இன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும். தேடு, போ."

தெருவில் எல்லாரும் நாத்தனாருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் அடித்தோ திட்டியோ யாரும் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் நிற்பாள், அவ்வளவுதான். மருமகள் கல்யாணமாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அந்தக் கண்ணுக்கு நேராக அவள் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

மாமியார் விழுந்த அன்றும் நாத்தனார் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பெரிய பயம். வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. குந்தி உட்காரும் பழைய கோப்பை. அன்று காலை மருமகள் சோப்புத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடினாள். இரண்டு பக்கெட் தண்ணீர் அடித்துவிட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மாமியார் உள்ளே போய்விட்டார். இடுப்பெலும்பு உடைந்தது. இனி ஆயுளுக்கும் குந்தி உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'வயசாச்சு, கால் தடுக்கிடுச்சு' என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மருமகள் தலையைக் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் இந்த வெஸ்டர்ன் கம்மோடு. நேற்றே பிளம்பர் பழைய கோப்பையை உடைத்து எடுத்துத் தரையைச் சமன் செய்துவிட்டார். இன்று காலை அவருடைய கையாள் வரவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் கூட நில்லும்மா" என்று இவளைத்தான் கூப்பிட்டார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் அந்தச் சின்னக் குமிழி வந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டாள். குழாய் வாயைச் சுற்றி உளியால் கொத்தும்போது, "கல்லும் மண்ணும் உள்ள விழுந்துடும். ஏதாவது பழைய துணி இருந்தா எடுத்துத் திணிம்மா" என்றார். ஓடிப்போய்க் கொடியில் கைக்கு அகப்பட்டதை உருவி வந்தாள். சாயம் போய், நடுவில் ஓட்டை விழுந்து கிடந்தது. கரித்துணி என்று நினைத்தாள்.

அதற்குள் யாரோ வீட்டில் மாடித் தொட்டி வெடித்துவிட்டதாக அவருக்கு போன் வந்தது. அவசர அவசரமாகக் கம்மோடைத் தூக்கி வைத்து, இரண்டு பக்கமும் போல்ட்டை முடுக்கி, சுற்றிலும் ஒயிட் சிமெண்ட் பூசினார். "நாலு மணி வரைக்கும் யாரும் தொடக்கூடாது, தண்ணி ஊத்தக்கூடாது. ஃப்ளஷ் டேங்க்கை நாளைக்கு வந்து மாட்டுறேன், அதுவரைக்கும் பக்கெட்டுல ஊத்திக்கோங்க." கதவில் பென்சிலால் தன் நம்பரை எழுதிவிட்டுப் போனார். அப்போது மணி பதினொன்று. துண்டை யாரும் எடுக்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவள் ஒரு துண்டைக் கம்மோடுக்கு அடியில் மறைத்துவிட்டு, அதே துண்டைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். தலையணை உறைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறை கழிப்பறையைத் தாண்டும்போதும் அந்த வெள்ளைச் சிமெண்ட் வளையம் கண்ணில் பட்டது. காலையில் தயிர் மாதிரி இருந்தது. இப்போது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து வந்தது. நாலு மணிக்கு அவள் கணவன் மாமியாரைக் காரில் கூட்டிக்கொண்டு வருவான். பதினெட்டு நாள் பெட்பேனில் கூசிப்போன கிழவி முதல் வேலையாக இங்கேதான் வருவார். ஊற்றிய தண்ணீர் போகாது. மேலே வரும், விளிம்பு தாண்டித் தரையில் பரவும். நிலையாக நிற்க முடியாத மனுஷி அந்த ஈரத்தில் கால் வைப்பார்.

மறுபடியும் அதே தரை. மறுபடியும் அதே ஈரம்.

ஒரு மணிக்கு நாத்தனார் பையை எடுத்தாள். "மருந்துக் கடைக்குப் போயிட்டு வரேன். நான் வரதுக்குள்ள துண்டு கட்டில் மேல இருக்கணும்."

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மருமகள் கதவில் இருந்த நம்பருக்கு போன் போட்டாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"அண்ணே, அந்தத் துணி..."

"எந்தத் துணி?" பின்னால் தண்ணீர் கொட்டும் இரைச்சல். பிறகு அவர் குரல் இறங்கியது. "அய்யய்யோ. நீ எடுக்கலியா?"

"நீங்க எடுத்திருப்பீங்கன்னு..."

"திணிச்ச ஆள்தாம்மா எடுக்கணும். எங்க தொழில்ல அதுதான் வழக்கம். என் கையாளா இருந்தா நான் சொல்லவே வேண்டாம், அவனே எடுத்திருப்பான். அந்த நெனப்புலயே தூக்கி வெச்சுட்டேனே! தண்ணி ஏதும் ஊத்தினீங்களா?"

"இல்லண்ணே."

"தப்பிச்சோம். நான் தொட்டி மேல நிக்கிறேன், ராத்திரி வரைக்கும் எறங்க முடியாது. சிமெண்ட் இன்னும் முழுசா பிடிச்சிருக்காது. இப்பவே சுரண்டி, போல்ட்டைக் கழட்டித் தூக்கினா வந்துடும். மூணு மணி தாண்டிச்சுன்னா கல்லு, உடைக்கத்தான் வேணும். ஆனா ஒண்ணு, தனியா தூக்காத. ஒரு பக்கம் சாஞ்சா அடிப்பக்கம் விண்டுடும். ரெண்டு ஆள் வேணும்."

வீட்டில் இன்னொரு ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அவள் கணவனின் சைக்கிள் ஸ்பேனரையும் ஒரு பழைய கத்தியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தரையில் மண்டியிட்டுச் சுரண்டினாள். மேலே பொருக்காக இருந்தது. உள்ளே இன்னும் ஈரம். அந்த ஈரத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. கத்தி பீங்கானில் உரசிய ஒவ்வொரு முறையும் பல் கூசியது. ஒரு போல்ட் கழன்றது. அடுத்ததும் கழன்றது. கம்மோடைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு தம் கட்டினாள். ஒரு பக்கம் ஒரு விரல் அளவு எழும்பியது. உடனே மறுபக்கத்திலிருந்து 'க்ர்ரக்' என்று ஒரு சத்தம். அப்படியே இறக்கினாள். விரிசலா, சிமெண்டா? குனிந்து பார்க்கவே பயமாக இருந்தது.

கேட் திறந்தது. செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டி நேராக வந்து, கதவுக்கு வெளியே நின்றது.

"உள்ள யாரு?"

மருமகள் கத்தியைத் தரையில் வைத்தாள்.

"நாலு மணி வரைக்கும் தொடக்கூடாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டுப் போனாரே. என்ன பண்ற உள்ள?"

மருமகள் கதவைப் பார்த்தாள். பெயின்ட் உரிந்த மரக்கதவு. அதில் கண் இல்லை.

"அக்கா," என்றாள் கதவிடம். "துண்டு கெடைச்சிடுச்சுக்கா."

"எங்க?"

"கம்மோடுக்குக் கீழ. குழாய்க்குள்ள. கரித்துணின்னு நெனச்சு நான்தான் திணிச்சேன், எடுக்க மறந்துட்டேன். தண்ணி ஊத்தினா மேல வந்துடும்க்கா. அத்தை மறுபடி வழுக்கி விழுந்துடுவாங்க. மூணு மணிக்குள்ள தூக்கணும், என்னால ஒருத்தியா தூக்க முடியல..." எட்டு மாத வாக்கியங்களும் வரிசையில் நின்றுகொண்டிருந்தவை போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. வரிசையின் கடைசியில் நின்ற வாக்கியமும் வெளியே வந்து விழுந்தது. "அன்னைக்குத் தரையில சோப்பு போட்டுட்டுக் கழுவாம வந்ததும் நான்தான்க்கா."

சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. ஏழு சொட்டு எண்ணினாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றது நாத்தனாரின் குரல். "அவங்களைத் தூக்கும்போது என் காலும் வழுக்குச்சு. கதவைத் திற."

திறந்தாள். நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுரண்டிப் போட்ட சிமெண்டையும், கழற்றி ஓரமாக வைத்திருந்த இரண்டு போல்ட்டையும் பார்த்தாள். மருந்துப் பையை வாசற்படியில் வைத்துவிட்டு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

"அந்தப் பக்கம். ஒரே நேரத்துல தூக்கணும்க்கா. சாயக்கூடாது."

"நீ சொல்லு, நான் தூக்கறேன்."

"ஒண்ணு... ரெண்டு..."

சிமெண்ட் வாய் பிளந்துவிட்டது. கம்மோடு எழும்பியது, முழங்கால் உயரத்துக்கு. இருவரும் எதிரெதிரே அதைக் கட்டிக்கொண்டு, நெற்றி நெற்றியில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றார்கள். கால் வைத்துத் திரும்பவும் இடமில்லை, இறக்கி வைக்கவும் இடமில்லை. இவ்வளவு கிட்டத்தில் நாத்தனாரின் கண்ணை மருமகள் பார்த்ததில்லை. அந்தக் கண்ணின் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது.

கீழே இருட்டுக் குழிக்குள் நீலமாக ஒரு நுனி தெரிந்தது.

தெருவில் கார் ஹாரன் அடித்தது. மணி இரண்டுகூட ஆகவில்லை. இரண்டாவது முறையும் அடித்தது, அவள் கணவன் அடிக்கும் அதே விதத்தில். கார்க் கதவு திறந்தது. தரையில் ஒரு கைத்தடி ஊன்றும் சத்தம்.

"சீக்கிரம் அனுப்பிட்டாங்களா?" என்றாள் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் பிடிச்சுக்கறேன். நீ ஒரு கையை விட்டுட்டுத் துண்டை எடு."

"சாஞ்சிடும்க்கா."

"விடுன்னா விடு."

அவள் வலது கையை விட்டாள். பாரம் முழுவதும் எதிர்ப்பக்கம் இறங்கியது தெரிந்தது. நாத்தனாரின் முழங்கை நடுங்கியது, கம்மோடும் நடுங்கியது. குனிந்து நுனியைப் பற்றி இழுத்தாள். துண்டு வந்தது, மண்ணோடு, நனைந்து, கனத்து. இன்னும் வந்துகொண்டே இருந்தது. வாசலில் கைத்தடி ஒரு படி ஏறியது.