சாலம்மாள் காலில் இருந்த சேறு

சாலம்மாள் போன இடத்துக்கெல்லாம் வாய்க்கால் தண்ணீர் பின்னாலேயே போனது. ஒரு முழ அகலம், கணுக்கால் ஆழம், மேடு பள்ளம் பார்க்காது. பதினோரு வருஷம் இப்படி நடந்தது. கச்சிராயபாளையம் டவுன் பஸ் டிரைவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். அவள் ரோட்டைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் வரும் தண்ணீரும் தாண்டி முடிக்கட்டும் என்று ஒரு பீடியைப் பற்றவைப்பார்களாம். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், அதற்காக அங்கே நெல் விளையாமல் இருந்துவிடவில்லை.

அவளுக்கும் அவள் புருஷன் பொன்னுரங்கத்துக்கும் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் இருந்தது. அரசாங்கம் கொடுத்த தரிசுப் பட்டா. கொடுத்தவர்கள் அந்த இடத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். கோமுகி அணை வாய்க்காலைவிட நாற்பது அடி மேடு, முழுக்கச் சரளைக்கல். வேலிக்காத்தான்கூட அங்கே முளைத்துப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று பட்டுப்போனது. பொன்னுரங்கம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன நாள் போக மீதி நாளெல்லாம் கடப்பாரையோடு அங்கேதான் கிடந்தான். ஆறு வருஷம் கிணறு வெட்டினான். ஐம்பதாவது அடியில் பாறை. அப்புறம் மாடு போனது, சாலம்மாளின் தோடு போனது, ஓர் ஐப்பசியில் போர்வெல் லாரி வந்தது. எண்ணூறு அடி வரைக்கும் வெள்ளைத் தூள்தான் புகைந்தது. லாரிக்காரர்கள் இஞ்சினை நிறுத்தினார்கள். தலைமுதல் கால்வரை மாவு பூசினமாதிரி நின்ற பொன்னுரங்கம், "அவ்ளோதானா?" என்று கேட்டான். பிறகு அந்தத் தூளிலேயே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை.

சாலம்மாள் அப்போது கீழே அரங்கநாதனின் நஞ்சையில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து நடவுக்காரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வயலின் சேறோ, அதை அந்த வயல் வாய்க்காலிலேயே கழுவிவிட்டுத்தான் கரையேற வேண்டும். கூலி கொடுத்தது வேலைக்குத்தான், மண்ணுக்கில்லை என்பது நடவு ஆட்களுக்குத் தலைவியான பச்சையம்மாளின் கட்சி. லாரி ஆள் ஒருவன் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும் சாலம்மாள் நாற்றுமுடியை அப்படியே போட்டுவிட்டு முழங்கால் சேற்றோடு கரையேறி ஓடினாள். "அடியே சாலா, காலக் கழுவிக்கினு போடி!" என்று பச்சையம்மாள் கத்தியது அவள் காதில் விழவில்லை. வாய்க்கால் மட்டும் சும்மா இருக்கவில்லை. தன் சேற்றை வாங்கிக்கொண்டு வரக் கரையைத் தாண்டி அவள் பின்னாலேயே மேட்டில் ஏறியது.

பொன்னுரங்கத்தைக் கட்டிலில் கிடத்தி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தபோது தண்ணீர் வந்து கட்டில் காலைத் தொட்டது. தூக்க வந்தவர்கள் பிணத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சரளையில் பரவி வீணாகிக்கொண்டிருந்தது. சாலம்மாள் எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். வரப்புப் போட்டு மடை திருப்பிவிட்டு, இனிமேல் அழலாம் என்று வந்து உட்கார்ந்தபோது வடக்கு வரப்பு உடைத்துக்கொண்டது. அதைக் கட்டிவிட்டு வந்தபோது கிழக்கு மூலையில் அடக்கமே முடிந்திருந்தது. சரி, நாளைக்கு அழுதுகொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் எருவடிக்க வேண்டியிருந்தது.

முதல் வருஷம் கம்பு, அடுத்த வருஷம் மணிலாக்கொட்டை. தண்ணீர் கொண்டுவந்த வண்டல் சரளையை மூடியதும் மூன்றாம் வருஷம் நெல், நாலாம் வருஷம் கரும்பு. அந்தக் கரும்பை டிராக்டரில் ஏற்றி அனுப்பியபோது வேடிக்கை பார்க்கச் சின்னசேலத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். சாலம்மாள் முகத்தில் சந்தோஷம் என்று ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், வைத்ததைச் சாப்பிடுவாள், மடை திருப்புவாள். கோடையில் வாய்க்கால் வறண்டாலும் அவள் பின்னாலிருந்த தண்ணீர் வறளவில்லை. ஒருமுறை சேலத்தில் சாவு ஒன்றுக்குப் போகச் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்தவள், ரயில் நிற்கிற நேரத்தில் தண்ணீரும் பிளாட்பாரத்தில் ஏறி ஜனங்கள் மூட்டையைத் தலையில் தூக்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. ஓர் அதிகாரி டேப்போடு வந்து அளந்து, மேல்நோக்கிய கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்.

சேறு போனால் தண்ணீர் போய்விடும் என்பது ஒரு மழையில் தெரிந்தது. இடது பெருவிரல் சேறு கரைந்த அன்றே தெற்கு மூலையில் அரை சென்ட் நிலம் வெடித்துப்போனது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் இரண்டு காலிலும் யூரியா மூட்டையின் பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொள்வாள். குளிக்கும்போது காலைக் கல்மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். அரங்கநாதனும் ஒருநாள் வந்தார். அவருடைய கடைமடை வயல் இரண்டு காய்ந்துவிட்டது. கையில் ஒரு சொம்பு வெந்நீர்.

"இன்னா சாலம்மா, என் வாய்க்கா தண்ணிய இஸ்துக்கினு வந்துட்ட. ஒரு சொம்பு தண்ணி, அஞ்சு நிமிஷ வேல. கழுவிடேன்."

"நட்டுட்டு நிக்குதுங்க. கழுவ மாட்டேங்க."

அவர் பயிரைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், கிழக்கு மூலையைப் பார்த்தார். சொம்பை ரோட்டில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர், ஆனால் கடைமடை வயலுக்காக மனசு அடித்துக்கொண்டுதான் இருந்தது.

காலில் உணர்ச்சி எப்போது போனது என்று சாலம்மாளுக்கே தெரியாது. பதினோராவது வருஷம் புரட்டாசியில், வலது பாதத்தில் ஒரு விரல் நீளக் கருவேல முள்ளோடு மூன்று நாள் நடந்திருக்கிறாள். சேற்றுக்குள் சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் மகள் இசைவாணி பார்த்தாள். கிராம செவிலியர் நிர்மலா கொல்லைக்கே வந்து பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"புண்ணு உள்ள போய்க்கினே கீதும்மா. கழுவி மருந்து கட்டலன்னா கால எடுத்துடுவாங்க."

"காலோட சேறும் போயிடுமே" என்றாள் சாலம்மாள். அவளுக்கு உறைத்தது அவ்வளவுதான். முள்ளை மட்டும் பிடுங்கிவிட்டு, மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பெத்த தாயைப் பார்த்துக்கொள்ள உனக்குத் தெரியாதா என்று இசைவாணியைத் திட்டிவிட்டுப் போனார் நிர்மலா.

இசைவாணிக்கு அந்தத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஜீவா, சின்னசேலத்தில் விதைக்கடையில் வேலை. சாலம்மாள் எங்கேயும் போக முடியாது என்பதால் அறுப்பு முடிந்த நெல் வயலிலேயே பந்தல் போட்டார்கள். தாலிக்கு முன்னால் பெண் தன் அப்பா அம்மாவுக்குப் பாதபூஜை செய்ய வேண்டும். பொன்னுரங்கத்துக்காக ஒரு பித்தளைத் தட்டில் கல்லை வைத்துக் கழுவினார்கள். சாலம்மாள் இரண்டு காலிலும் பிளாஸ்டிக் உறையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உறைமேல் இரண்டு சொட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்துவிடுவது என்று பேச்சு. பேசிவைத்தபடி கேட்கிற பெண்ணா அது? உட்கார்ந்தவள் உறையின் கயிற்றை அவிழ்த்தாள்.

"வேணான்டி. கரும்பு நிக்குது. நீ வந்து போற வூடுடி இது."

"அப்பாவுக்கு நீ இன்னும் அழுவவே இல்லமா" என்றாள் இசைவாணி.

சாலம்மாள் நினைத்திருந்தால் காலை இழுத்துக்கொண்டிருக்கலாம். மூன்று ஏக்கரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கிழக்கு மூலையில் கொஞ்ச நேரம் கண் நின்றது. காலை இழுக்கவில்லை.

முதல் சொம்புக்குச் சேறு அசையவில்லை. இரண்டாவது சொம்புக்கு ஓடு ஓடாகப் பெயர்ந்து தட்டில் விழுந்தது. ஐந்தாவது சொம்பில் பாதம் தெரிந்தது, சேற்றுக்குள்ளிருந்த பழைய மெட்டியும் தெரிந்தது. பந்தலைச் சுற்றி நின்றிருந்த தண்ணீர் ஒருதரம் சுழன்று, தட்டிலிருந்த சேற்றையும் அள்ளிக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போனது. பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தூக்கி வழிவிட்டார்கள். ரோட்டில் பஸ் நின்றது.

"ஜில்லுன்னு கீதுடி" என்றாள் சாலம்மாள். பிறகு முள் குத்திய இடம் வலித்தது. பிறகு பதினோரு வருஷத்துச் சரளை மொத்தமும் வலித்தது. அதற்குப் பிறகுதான் பொன்னுரங்கம் செத்துப்போனது அவளுக்கு வலித்தது. "தூளப் பாத்துக்கினே பூட்டியே சாமி!" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். கல்யாண வூட்டில் அழக்கூடாது என்று யாரோ ஆரம்பித்தார்கள். பச்சையம்மாள் அவர்கள் வாயை அடக்கிவிட்டு, சாலம்மாளைக் கட்டிக்கொண்டு, பதினோரு வருஷத்துக்கு முன் செத்தவனுக்கு அன்றைக்கு ஒப்பாரி வைத்தாள். நடவுக்காரிகள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு தாலி கட்டினார்கள், பாயசம் போட்டார்கள்.

கரும்பு நாற்பது நாளில் காய்ந்தது, பாதிக்குப் பாதி அடுப்புக்குத்தான் ஆனது. வைகாசிக் காற்றில் வண்டல் பறந்து அடியிலிருந்த சரளை மேலே வந்தது. அரங்கநாதனின் கடைமடையில் மறுபடி தண்ணீர் நின்றது. அவர் அடுத்த ஐப்பசியில் நடவுக்கு ஆள் சொல்லிவிட்டபோது அவளையும் சேர்த்துத்தான் சொல்லிவிட்டார். புண் ஆறிவிட்டது, ஒரு விரல் மட்டும் மடங்காது. மூன்று ஏக்கரை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும், அதை மறைக்கவும் மாட்டாள். பொன்னுரங்கத்தை நினைத்தால் அழுவாள்.

சாயங்காலம் நடவு முடிந்ததும் எல்லோரையும்போல அவளும் வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவுகிறாள். மற்றவர்கள் காலைத் தொட்டுவிட்டு ஓடுகிற தண்ணீர், அவள் காலை மட்டும் மூன்று நான்கு தரம் சுற்றிவிட்டுத்தான் போகிறது. சுற்றி முடிக்கட்டும் என்று மற்ற பெண்கள் கரையில் காத்திருப்பார்கள். ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு எப்படியும் நேரம் இருக்கும்.