ஷேல் இல்லாத ஊரில் பாறையைப் பிளப்பது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஷேல் என்னும் களிமண் படிந்து இறுகிய பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் பிளப்பது பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒரு தொகுப்பாசிரியரிடம் வாயை விட்டுவிட்டேன். நான் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஷேலுக்கு எங்கே போவது? தோண்டினால் இறுகிய கரும்பாறைதான். சரி, ஷேல் தெரிந்த ஆளையாவது கொண்டுவருவோம் என்று சமீனாவை உருவாக்கினேன்.

முதல் தொடக்கம்: 'உத்தமபாளையத்தின் மேல் கருமேகங்கள்...' (வேண்டாம். மழை வந்தால் கதையே இல்லை.)

2

சமீனாவுக்குக் குஜராத்தில், ஷேல் துண்டுகளை நசுக்கிப் பார்க்கும் ஆய்வக வேலை. பெருநாளுக்கு வந்திருக்கிறாள். அண்ணன் ஆரிப்பின் திராட்சைத் தோட்டத்தில் போர் வற்றிவிட்டது. காய் பிடித்த நேரம். இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் கொடி கருகிவிடும். போருக்குள் அழுத்தி நீரேற்றிப் பாறையைப் பிளக்கும் லாரிக்குச் சொல்லிவிட்டான்.

"ஒனக்குத் தெரிஞ்ச வேலதான புள்ள, கூட நின்னு பாரு."

அவள் தலையாட்டியிருந்தால் நானும் பிழைத்திருப்பேன்.

"அது வேற, இது வேறண்ணே. ஷேலு ஏடு ஏடா இருக்கும். களிமண்ணு கொறஞ்சு மொறுமொறுன்னு இருந்தா நாலா பக்கமும் வெடிக்கும். களிமண்ணு சாஸ்தின்னா அழுத்தத்த வாங்கிக்கிட்டு வெடிப்ப மூடிரும். இங்கன பாறை லேசுல புதுசா வெடிக்காது. இருக்குற வெடிப்புதான் தொறக்கும்."

"தொறந்தா நல்லதுதான? லாரிக்காரவுகளும் அதத்தான் சொன்னாக."

"அந்த வெடிப்பு எங்கன போகுதுன்னு பாத்தியா?"

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: ஆரிப்புக்கும் பக்கத்துத் தோட்டத்துச் சுயம்புலிங்கத்துக்கும் போருக்கு இடம் பார்த்தவர் ஒரே ஆள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். அது எழுந்து நின்ற இடத்தைக் காட்டினார். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒரே நீரோட்டத்தில். இரு வீட்டாரும் அன்று மகிழ்ந்துபோனார்கள்.)

3

சுயம்புலிங்கத்தைக் கெட்டவராக்கினால் வேலை சுலபம். 'சுயம்புலிங்கம் மீசையை முறுக்கியபடி' என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். அந்த மனிதரோ நேற்றுவரை தன் போரிலிருந்து ஆரிப்பின் கொடிக்கு ஓஸ் போட்டுத் தண்ணீர் விட்டவர்.

"என் வாழைக்கே தண்ணி காணல மாப்ள. இல்லாட்டி இன்னைக்கும் விட்ருப்பேன். நீ ஒன் போர ஒடைச்சுக்க" என்று வேறு வந்து நிற்கிறார். இப்படி நல்லவர்களாக நின்றால் நான் எதைத்தான் எழுதுவது?

4

லாரி வந்தது. போருக்குள் ரப்பர் அடைப்பை இறக்கி இறுக்கி, பம்பை ஓட்டினார்கள். மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போய், சட்டென்று விழுந்தது. வெடிப்பு திறந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் ஆரிப். சமீனா வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஓடாமல் கிடந்த சுயம்புலிங்கத்தின் போரிலிருந்து கலங்கல் தண்ணீர் பொங்கி வழிந்தது.

(முடிவு அ: இருவருக்கும் தண்ணீர். பொய். லாரி ஏற்றிய தண்ணீர் அது. லாரி போனதும் நின்றுவிடும்.

முடிவு ஆ: இனி இரண்டும் ஒரே போர். ஆரிப்புடையது ஆழம், சுயம்புலிங்கத்துடையது ஆழம் குறைவு. ஆரிப் மோட்டாரைப் போட்டால் அவருடையது வற்றும். இது உண்மை, அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

"பாத்தியா மாப்ள, எனக்கும் சேத்து வந்துருச்சு!" சுயம்புலிங்கம் கலங்கல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

ஆரிப்பின் கை ஸ்விட்ச்சில் இருக்கிறது. "ஏன் புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

சமீனா வாயைத் திறக்கிறாள். அவள் சொல்ல வேண்டியதை எழுதி எழுதி அடித்துவிட்டேன். என்னால் ஆகாது, நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சுயம்புலிங்கம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.