அதிர்ஷ்டத்துக்கு ஒரு பூனைக்குட்டி

1

தாய்மைக்கு இருபது யூரோ, ஆண்மைக்குப் பத்து. மாட்டுச் சந்தையில் நின்ற வெள்ளை வேனில் அப்படி எழுதியிருக்கவில்லை. "குடும்பக் கட்டுப்பாடு: பெண் பூனை 20, ஆண் பூனை 10" என்றுதான் இருந்தது. என் கண் அப்படிப் படித்தது. இந்தக் கதை பிறந்தது அங்கேதான், அதாவது யாரும் பிறந்துவிடக் கூடாது என்று காவல் நிற்கும் இடத்தில்.

முதலில் எழுதியது: "கில்மோரன் ஊர்மேல் அக்டோபர் மழை மெல்ல இறங்கிய..." [அடித்துவிட்டேன். மேற்கு அயர்லாந்தில் மழை பெய்யாத நாள்தான் செய்தி.]

அடுத்தது: "ஜார்லத் கன்கேனனிடம் மாடு வாங்கிய வீட்டிலெல்லாம் பூனை இருந்தது." [இது நிற்கட்டும். உண்மை, சுருக்கம்.]

2

ஜார்லத் மாட்டு வியாபாரி. எங்கள் பக்கம் விலை முடிந்ததும் விற்றவன் வாங்கியவனுக்கு அதிர்ஷ்டக் காசு என்று கொஞ்சம் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் வியாபாரம் செல்லாது. மாடு நொண்டும், மனைவி முறைப்பாள். ஜார்லத் காசு தரமாட்டார். கோட்டுக்குள் கை விட்டு ஒரு பூனைக்குட்டியை எடுத்துத் தருவார். எல்லாம் க்வீனி என்ற ஒரே பூனை போட்டவை. அவை போட்டவை, அவை போட்டவை போட்டவை என்று பெருகி, இன்று பாதிரியார் பூசை மேடை ஏறுமுன் இரண்டைத் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது.

(கஞ்சன் என்று எழுதிவிட்டு அடித்தேன். தன் ரொட்டிக்குள் இருக்கும் பன்றிக்கறியைப் பிய்த்து க்வீனிக்குப் போட்டுவிட்டு வெறும் ரொட்டி தின்பவரை அப்படி எழுதப் பேனா வரவில்லை.)

வேன் வந்த அன்று கோட்டுக்குள் க்வீனியே இருந்தாள். எலும்பு தெரிந்தது. வேனுக்குள் இருந்த மருத்துவர் சோர்கா தடவிப் பார்த்தாள்.

"இப்ப வயித்துல ஒண்ணுமில்ல. இன்னொரு ஈத்து வந்தா இவ தாங்கமாட்டா, ஜார்லத். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்."

"பண்ணு. எவ்வளவு?"

"இருபது."

"இருபதுன்னா இருபதேவா? விலைன்னா கொஞ்சம் அசையணும் டாக்டரம்மா. அசையாத விலையை எங்கப்பன் கல்லறைக் கல்லுக்குத்தான் குடுத்தேன்."

"இது தர்ம விலை. ஏழை பாழை எல்லாருக்கும்."

"தர்மமா? என்னைப் பார்த்தா தர்மம் வாங்குற மூஞ்சியாவா தெரியுது?"

பூனையோடு நடையைக் கட்டினார்.

3

இங்கே நான் கதைக்குள் வருகிறேன். எழுதுகிறவன் வரக்கூடாதுதான், ஆனால் சந்தையில் தரகன் நான்தான், வேறு ஆள் இல்லை. செருப்பு விற்ற அப்பனுக்கும் முட்டை விற்ற அம்மாவுக்கும் பிறந்தவன். எங்கள் வீட்டில் இரவுச் சோறுகூடப் பேரம் படிந்துதான் தட்டுக்கு வரும்.

"அறுபதுன்னு சொல்லு," என்றேன் சோர்காவிடம்.

"கிறுக்காய்யா உனக்கு, ஃபேஹி? இருபதுக்கே வரமாட்டேங்கிறான்."

"சொல்லித்தான் பாரேன்."

"அறுபது!" என்று கத்தினாள்.

ஜார்லத் திரும்பினார். முகத்தில் கல்யாணக் களை.

"கொள்ளைக்காரி! அஞ்சு!"

அப்புறம் ஒழுங்காக நடந்தது. அவர் கோபித்துக்கொண்டு பன்றி லாரிவரை போவதும், என் காலடி பின்னால் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதும், நான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வருவதும். இருபதில் படிந்தது. கையோடு கை தட்டி விலையை உறுதி செய்ய, எங்கள் பக்க வழக்கப்படி இருவரும் உள்ளங்கையில் துப்பிக்கொண்டார்கள்.

"சரி," என்றார் ஜார்லத். "அதிர்ஷ்டம் எங்க?"

4

இதை நான் யோசிக்கவில்லை. விற்பவள் சோர்கா. அவள்தான் தர வேண்டும். ஒரு யூரோ நீட்டினாள்.

"காசா? ஊருக்கெல்லாம் நான் குட்டி குடுத்திருக்கேன், எனக்குக் காசா? இவளை அறுத்துட்டா அடுத்த சந்தைக்கு நான் எதைக் குடுப்பேன்? அதிர்ஷ்டமில்லாத மாட்டை எவன் வாங்குவான்? ஒரு பெண்குட்டி குடு."

"என்கிட்ட இருக்கிறதெல்லாம் ஆபரேஷன் ஆன குட்டிங்க."

"அறுத்த குட்டியில அதிர்ஷ்டம் ஏதும்மா? முழுசா வேணும்."

"ஒண்ணுக்கு ஆபரேஷன் பண்ண, இன்னொண்ணைப் பண்ணாம குடுக்கணுமா? அப்ப எதுக்குய்யா நான் இந்த வேனுக்குள்ள மழையில கிடக்கேன்?"

"அது உன் கஷ்டம். நான் பேச்சு மாறல."

வாயில் சிரிப்பு, ஆனால் கோட்டுக்குள் போன இடக்கை க்வீனியின் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது.

5

முடிவு (அ): அடுத்து வேனுக்கு வரும் ஒரு குட்டி அறுபடாமல் முழுசாகவே கைமாறுகிறது. க்வீனி பிழைக்கிறாள். மூன்று வருடத்தில் பாதிரியார் பூனைகளுக்கே பிரசங்கம் செய்கிறார்.

முடிவு (ஆ): ஜார்லத் காசை வாங்கிக்கொண்டு மனம் திருந்தி... [ஜார்லத்தைத் தெரிந்தவர்கள் என்னைச் சந்தையில் நடக்கவிட மாட்டார்கள்.]

முடிவு (இ): கதை என்னுடையது, நானே ஒரு குட்டியை எழுதி உள்ளே விடுகிறேன். எழுதியும் பார்த்தேன், வெள்ளை, வாலில் ஒரு கறுப்புப் புள்ளி. சோர்கா நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"வேண்டாத ஒண்ணுகூடப் பொறக்கக் கூடாதுன்னுதானேய்யா இத்தனை பாடு? நீ பாட்டுக்கு எழுதிக்கிட்டே போற. கொண்டா இங்க."

அதையும் மேசைமேல் படுக்க வைத்துவிட்டாள்.*

* ஆகவே அதுவும் அதிர்ஷ்டத்துக்கு உதவாது.

6

இப்போது நிலவரம் இது. ஜார்லத்தின் வலது மணிக்கட்டு என் இடது கையில், சோர்காவுடையது என் வலது கையில். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஒரு சாண். தட்டினால்தான் விலை முடியும். இழுக்கிறேன், இருவரும் வெளியே இழுக்கிறார்கள். எச்சில் காய்கிறது. வேன் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். வேன் வாசலில் ஒரு கடுவன் பூனை வந்து உட்கார்ந்து ஜார்லத்தின் கோட்டுப் பக்கமே பார்க்கிறது.

என் இரண்டு கையும் மாட்டிக்கொண்டன. புத்தகம் பிடித்திருக்கும் உங்களுக்கு ஒரு கையாவது சும்மா இருக்கும். முழுக்குட்டியோ காசோ, ஒன்றைச் சொல்லி இவர்களை முதுகில் தள்ளுங்கள். நான் கணக்கு முடிக்கிறேன்:

கேட்ட விலை: அறுபது.
படிந்த விலை: இருபது.
தரகு: எனக்கு இன்னும் யாரும் தரவில்லை.
அதிர்ஷ்டம்: தகராறில்.
பாக்கி: க்வீனி.