செத்தவர்கள் எழுந்து வரும் புத்தகம்

காளியப்பனுக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில். வழுக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஊராட்சிப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடந்தபோது, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஆறு மாதம் படித்தான். அன்றிலிருந்து பஸ் போர்டு, தீவன மூட்டை, மாத்திரை அட்டை எதையும் விட்டுவைப்பதில்லை. சத்தம் போட்டுத்தான் படிப்பான். வாய் அசையாமல் படிப்பவர்கள் படிப்பதுபோல் நடிக்கிறார்கள் என்பது அவன் எண்ணம்.

அவன் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் ஆள். மகள் யுவஸ்ரீ அப்பனைப் போல இல்லை. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து, நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இலவசமாக இடம் கொடுத்திருந்தார்கள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது, வார்டன் ரஞ்சிதா மேடம் அவனை ஆபீசுக்குள் கூப்பிட்டார். மேசையில் அட்டையில்லாத ஒரு தடித்த புத்தகம் கிடந்தது.

"உங்க பொண்ணு பெட்டியில இருந்துச்சு. ஜப்பான்காரங்க படக்கதை, தமிழ்ல போட்டிருக்காங்க. பதினெட்டு வயசுக்கு மேலதான் படிக்கணும்னு அட்டையிலேயே இருந்துச்சு. அந்த அட்டைப் படம் சகிக்கல, நானே கிழிச்சுப் போட்டுட்டேன். உள்ள தொறந்தா ஒருத்தன் கழுத்துல கத்தி. யார் குடுத்தான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா."

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தப்புச் செய்தால் பெற்றவர்கள் கைப்படக் கடிதம் எழுதித் தர வேண்டும். 'என் மகள் செய்தது தவறு' என்று வாசகம் தயாராக இருக்கும், பார்த்து எழுதினால் போதும். மற்ற பிள்ளைகளுக்கு மூன்று கடிதம் சேர்ந்தால்தான் டி.சி. இலவச இடத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றே போதும்.

மேடம் வெள்ளைத்தாளை நீட்டினார். காளியப்பன் வாங்கவில்லை.

"புஸ்தகத்தக் குடுங்க மேடம். நான் படிச்சுப் பாத்துப்போட்டு, என்ன இருக்குதோ அத எழுதித் தாரனுங்க."

"நீங்க படிப்பீங்களா?"

"எழுத்துத் தெரியுமுங்க" என்றான், கலெக்டர் பரீட்சை எழுதியவன் மாதிரி.

மேடம் புதன்கிழமை வரை தவணை கொடுத்தார்.

வீட்டில் பழனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கையக் காலப் புடிச்சுக் கேட்டுட்டு வருவீங்கன்னு பாத்தா, புஸ்தகத்தத் தூக்கிட்டு வந்திருக்கறீங்க. பெரிய ஜட்ஜு!"

"நீ பேசாம இரு. படிச்சவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்குது."

மறுநாள் மத்தியானம், முட்டைகளைத் தட்டில் அடுக்கி முடித்து, ஷெட் ஓரத்தில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தான். முதல் பக்கத்தில் வெறும் காடு. ஒரு மொட்டை மரம். அதன் அடியில் செத்துக் கிடக்கும் ஒரு பொம்பளை. அடுத்த பக்கத்தில் அவள் கண் திறந்தாள். நாலு பக்கம் தள்ளி எழுந்து நடந்தாள். அவள் போன இடமெல்லாம் அதிசயம்தான். ஒருவன் கழுத்திலிருந்து கத்தியை உருவினாள், அவன் உடனே எழுந்து உட்கார்ந்து அவளையே திட்டினான். நன்றி கெட்டவன். இடிந்த கட்டடங்களில் மாடி ஏறியது. கரிக்கட்டையாகக் கிடந்த தெருவில் கடை முளைத்தது.

பேச்சுதான் கொஞ்சம் பிடிபடவில்லை. எல்லோரும் பதிலை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வி கேட்டார்கள். அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவனுடைய சூப்பர்வைசர் வெங்கடாசலமும் அப்படித்தான், முதலில் திட்டிவிட்டு அப்புறம்தான் என்ன நடந்தது என்று கேட்பார்.

ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான். பெரிய குழி. அதற்குள் ஆட்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தார்கள். அதற்கு முன்னால் அப்படி ஒரு குழியை அவன் பார்த்திருந்தான், அவனே வெட்டியதுதான். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினான். அடுத்த பக்கத்தில் அந்த ஆட்கள் எல்லோரும் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். காளியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே கூண்டிலிருந்த கோழிகள் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வாசல். பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி அம்மாவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பொம்பளைக்குப் பிறந்த மகள் போல.

செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினான். 'அழிந்துபோன உலகம் எப்படித் திரும்பச் சரியாகிறது என்று இந்தப் புத்தகம் சொல்கிறது. செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டிய நல்ல புத்தகம். என் மகள்மேல் தவறு இல்லை. இப்படிக்கு, படித்துப் பார்த்த தகப்பன்.'

புதன்கிழமை ஆபீசில் யுவஸ்ரீ தலையைக் குனிந்து நின்றிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அறைத்தோழி நாஸியா, சேலத்துப் பெண். அறையில் இருந்தவள் என்பதால் அவளையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காளியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தைச் சத்தமாகப் படித்தான். 'செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள்' என்ற இடத்தில் கொஞ்சம் ராகமே போட்டான்.

நாஸியாவால் அடக்க முடியவில்லை.

"அங்கிள், யாருமே எழுந்து வர மாட்டாங்க! நீங்க கடைசிலேர்ந்து படிச்சிருக்கீங்க!"

"கடைசிலேர்ந்தா?"

"இது வலப்பக்கம் தொறக்கணும் அங்கிள், நாங்க குர்ஆன் ஓதற மாதிரி. எங்க ஷாஹுல் அண்ணன் வாங்குனப்பவே..." என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

யுவஸ்ரீ நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நாலு நாள் கட்டிக் காத்தது நாலு வார்த்தையில் போயிற்று.

"ஓ, உன் புத்தகமா?" என்றார் மேடம்.

காளியப்பன் புத்தகத்தை மறுபக்கம் திருப்பி மெதுவாகப் புரட்டினான். பையோடு நின்ற சிறுமி முதலில் வந்தாள். வளர்ந்தாள். தெருவில் நின்றவர்கள் குழிக்குப் போனார்கள். கத்தி கழுத்துக்குள் இறங்கியது. நன்றி கெட்டவன் என்று அவன் நினைத்த ஆள் அவளைத் திட்டியதற்குக் காரணம் இப்போது புரிந்தது. கடைசியில் மொட்டை மரத்தடியில் கிடந்தவள் அந்தச் சிறுமிதான். மகள் இல்லை, அதே ஆள்.

மேடம் கடிதத்தை விரலால் தட்டினார். "அப்ப, எல்லாரும் செத்துப்போற கதை. இதத்தான் நல்ல புத்தகம்னு எழுதியிருக்கீங்க."

காளியப்பனுக்குக் காது சுட்டது. ஆறு மாதம் படித்த படிப்பு, சரியான பக்கத்தைத் திறக்கக்கூட உதவவில்லை. ஆனால் மகளுடைய இலவச இடம் அந்தத் தாளில் இருந்தது.

"நான் முட்டாளுங்க மேடம், அது வேற. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறனுங்க. ஏழு வருசத்துக்கு முன்ன எங்க பண்ணையில கரண்ட் போயி, ஒரே மத்தியானத்துல நாலாயிரம் கோழி வெக்கையில செத்துப்போச்சுங்க. நானும் இவ அம்மாளும் குழி வெட்டிக் கொட்டுனோம். ஊட்டுல தனியா உட முடியாம இவளையும் கூட்டிட்டுப் போயிருந்தோம். பத்து வயசுங்க. அன்னைக்குச் சோறு திங்கல. மறுநா எந்திரிச்சுப் பரீட்சைக்குப் போயிட்டா. நான்தான் ரெண்டு நாளு போர்வையப் போத்திட்டுப் படுத்துக் கெடந்தனுங்க. இந்தப் புஸ்தகத்துல இருக்கறத அவ நேர்லயே பாத்தவளுங்க. அப்ப யாரும் வயசு கேக்கலீங்க."

மேடம் புத்தகத்தை வாங்கி, இந்த முறை வலப்பக்கம் திறந்து, முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்குப் பதினெட்டு எப்ப?"

"தை மாசமுங்க. அதுவரைக்கும் புஸ்தகம் என்ற கிட்டயே இருக்கட்டுங்க. எனக்கு வயசு தாராளமா ஆயிருச்சு."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "கடிதத்த மாத்தி எழுதுங்க."

அவன் நின்றபடியே எழுதினான். 'முதலில் தப்பாகப் படித்தேன். பிறகு சரியாகப் படித்தேன். வயது ஆகும் வரை புத்தகம் என்னிடம் இருக்கும். அதற்குப் பிறகு அவள் படிக்க எனக்குச் சம்மதம்.' மேடம் சிவப்புப் பேனாவால் இரண்டு எழுத்தைத் திருத்திவிட்டு, தாளைத் தவறுக் கடிதக் கட்டில் வைக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். புத்தகத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "ரெண்டு பேரும் கிளாசுக்குப் போங்க" என்றார்.

வகுப்புக்குப் போகுமுன் கேட் வரைக்கும் பிள்ளைகள் இருவரும் கூட வந்தார்கள். பழனியம்மாளிடம் என்ன சொல்வது என்று காளியப்பன் யோசித்துக்கொண்டே நடந்தான். படித்த பெருமையை மட்டும் சொல்லலாம், பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

"மன்னிச்சுக்கங்க அங்கிள்" என்றாள் நாஸியா.

"உடு சாமி. நீ சொல்லலீன்னா இதே மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன்."

யுவஸ்ரீ அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அந்தப் பக்கமிருந்து படிச்சா கத எப்படிப் போகுதுங்?"

"சிரிக்கறதுக்கா?"

"இல்லீங்ப்பா. சொல்லுங்."

வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பன்னிரண்டு மணி பஸ் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போனது. காளியப்பன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"மொதல்ல ஒண்ணுமே இல்ல சாமி. ஒரு மொட்ட மரம். அதுக்கு அடியில ஒரு பொம்பள கெடக்கறா. அவ மெதுவாக் கண்ணத் தொறக்கறா..."