ஆள் நடமாட்டம் இல்லாத தெரு

அலுவலகத்தில் அவனுக்குப் ‘பிரசங்கி’ என்று பெயர். யாராவது காகிதக் கோப்பையில் காபி பிடித்தால் போதும், அது எந்தக் காட்டு மரம், எந்தக் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேரும் என்று ஆரம்பித்துவிடுவான். கேட்பவருக்குக் காபி ஆறிப்போகும். நிரல் எழுதுவது அவனுடைய பிழைப்பு. கருத்துச் சொல்வது மூச்சு. வாரம் தவறாமல் இணையத்தில் கட்டுரை எழுதுவான். வெளியிடுவதற்கு முன்னால் அதைப் படிப்பவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா கணவனை விட்டுவிட்டு வந்து அவனோடு இருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டால், “அந்த ஆளோட குறட்டை ஒண்ணு போதாதா?” என்று பேச்சை முடித்துவிடுவாள். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் சலவை நிலையம் ஒன்றில் மாலை ஷிஃப்ட். சூடாக வரும் விரிப்பை இருபக்கமும் இரண்டு பேர் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். நீளமான மேசை, இரைச்சல், ஓயாத அரட்டை. வீட்டில் வாயே திறக்காதவள் அங்கே ஊரையே சிரிக்க வைப்பாள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். நேரில் போய்ப் பார்த்ததில்லை.

அவள் கையில் இருந்தது பட்டன் போன். அதுவும் அவன் செய்த உபதேசம். “ஸ்மார்ட்போன் வேண்டாம்க்கா. நீ எங்க போற, எங்க நிக்கிறன்னு எவனோ ஒருத்தன் உக்காந்து எண்ணிக்கிட்டே இருப்பான்.”

“என்னை எண்ணி அவன் என்னடா பண்ணப் போறான்?” என்று சிரித்தாள். ஆனாலும் தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பட்டன் போனோடே இருந்துவிட்டாள்.

தெருவிளக்குகளைக் கணினி மூலம் இயக்கும் வேலை நகர நிர்வாகத்திடமிருந்து அவன் நிறுவனத்துக்கு வந்தபோது அவன் துள்ளிக் குதித்தான். வெளிச்சத்தில் விழுந்து மடியும் பூச்சிகளைப் பற்றியும், வழி தவறும் பறவைகளைப் பற்றியும் வருஷக்கணக்காக எழுதி வந்தவன். யாரும் நடக்காத தெருவுக்கு எதற்கு அவ்வளவு விளக்கு? திட்டத்தை அவனே வரைந்தான். கடைகள் அடைத்த பிறகு எந்தெந்தத் தெருவில் நடமாட்டம் இருக்கிறது என்பதைக் ஸ்மார்ட்போன்கள் அனுப்பும் இருப்பிடத் தகவலை வைத்துக் கணக்கிட்டார்கள். பெயர்களை நீக்கிவிட்டுத்தான் தருகிறோம் என்றார்கள் தகவலை விற்றவர்கள். அவன் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டான். நடமாட்டம் இல்லாத தெருக்களில் விளக்கு மங்கலாக எரியும். வண்டி வந்தால் மட்டும் பிரகாசமாகும்.

திட்டம் நடைமுறைக்கு வந்தது. மின்சாரம் மிச்சமானது. மேலதிகாரிகள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ‘இருட்டும் ஓர் இயற்கை வளம்’ என்று கட்டுரை எழுதி அக்காவிடம் காட்டினான். அவள் நிதானமாகப் படித்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா...”

“ஆனா என்ன?”

அவன் முகத்தில் இருந்த பூரிப்பை ஒரு கணம் பார்த்தாள். “ஒண்ணுமில்ல. ரெண்டாவது பத்தி கொஞ்சம் நீளம்.”

அவன் இரண்டாவது பத்தியைச் சுருக்கி வெளியிட்டான்.

மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா வலது மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டது என்றாள். கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி விறைத்தே இருந்தது. விரிப்பை உதற முடியவில்லை. “போதும்டா, எத்தனை காலம்தான் மடிக்கிறது?” என்று வேலையை விட்டுவிட்டாள். ஓய்வு அவளுக்கு நல்லதுதான் என்று அவனும் நினைத்துக்கொண்டான்.

ஒரு விடுமுறை நாளன்று, அவளோடு ஜோடி சேர்ந்து விரிப்பு மடித்தவள் பழப்பையோடு பார்க்க வந்தாள். அவன் டீ போட்டுக் கொண்டுவந்து ஊற்றினான்.

“கை இன்னும் மடங்கலையா?” என்று அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தாள் ஜோடிக்காரி. “நீ இல்லாம அங்க ஈ பறந்தாகூடக் கேக்கும், அவ்வளவு அமைதி. எல்லாம் நம்ம சலவை நிலையத்துப் பின்தெருவால வந்தது. நல்லா எரிஞ்ச விளக்கை இப்படி அணைச்சு வெச்சா, நடைபாதையில உடைஞ்சு கிடக்கிற பலகைக்கல்லு யார் கண்ணுக்குத் தெரியும்? எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ, அவன் நல்லா இருப்பானா?”

“வேற பேசு” என்றாள் அக்கா.

“ஏன் பேசக்கூடாது? கால் தடுக்கிக் குப்புற விழுந்தது நீதானே?”

டீ கோப்பையைத் தாண்டி மேசையில் வழிந்துகொண்டிருந்தது. அவன் கெட்டிலை நிமிர்த்தவில்லை. அக்காதான் இடது கையால் துணியை எடுத்துத் துடைத்தாள்.

விருந்தாளி போன பிறகு கேட்டான். “நீ பெரிய ரோடு வழியாத்தானே வருவ?”

“அது சுத்துடா. நாங்க எல்லாரும் பின்தெருவுலதான் பஸ்ஸுக்குப் போவோம்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த.”

மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தெருவின் கணக்கை எடுத்துப் பார்த்தான். நடமாட்டம்: பூஜ்யம். தினமும் ஒரு கும்பலாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போன பெண்கள் ஒருத்தர்கூட அதில் இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் அக்காவிடம் இருந்ததைப் போன்ற பட்டன் போன்கள்தான். யாரும் அவளை எண்ணக் கூடாது என்று சொன்னவனும் அவன். எண்ணப்பட்டவர்களுக்கு மட்டும் வெளிச்சம் என்று நிரல் எழுதியவனும் அவன். அந்தந்த நாளில் இரண்டும் அவனுக்குச் சரி என்றே தோன்றியிருந்தது.

நகர நிர்வாகத்தின் விளக்குப் பிரிவுக்குப் போனான். பொறியாளர் அம்மாள் மரியாதையாக உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அது அவனுடைய கட்டுரை.

“பயமா இருக்குன்னு யாராவது வந்தா இதைத்தான் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க சார். ‘பழகிய கண்ணுக்கு இருட்டு பகை அல்ல.’ நீங்க எழுதினதுதானே?”

“நான் எழுதினதுதான். தப்பா எழுதிட்டேன்.”

“எனக்குப் புரியுது. ஆனா அந்தத் தெருவுல இருந்து புகாரே வரலையே. பாதிக்கப்பட்டவங்க யாராவது எழுதிக் குடுத்தா மேல அனுப்பலாம்.”

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்; இடது கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை, பாதி தரையில் சிதறிக் கிடந்தது.

“என் தம்பி செஞ்ச வேலை மேல நான் புகார் எழுதணுமா? உன் வேலை போயிடாதா?”

“போனா போகட்டும்.”

“பெரிய மனுஷன் மாதிரி பேசாத.” கொஞ்ச நேரம் உரித்தாள். “நீ சொல்றதுல பாதி சரிதான்டா. அந்த விளக்குக்கு அடியில தினம் எத்தனை பூச்சி செத்துக் கிடக்கும் தெரியுமா? நானும் பாவம்னு நினைச்சிருக்கேன். ஆனா அந்த வழியா யார் போறாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

ஊருக்கே கருத்துச் சொன்னவன், அடுத்த அறையில் இருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

கடைசியில் ஜோடிக்காரியும் மற்ற பெண்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். அவன் பொறியாளர் அம்மாளிடம் நடையாய் நடந்தான். நிறுவனத்தில் அவனை அந்தத் திட்டத்திலிருந்து தூக்கி, யாரும் சீந்தாத ஒரு பிரிவில் போட்டார்கள். அவன் வாதாடவில்லை. கட்டுரை எழுதுவதும் நின்றுபோனது. காபி எந்திரத்தின் அருகே யார் எந்தக் கோப்பையை எடுத்தாலும் பேசாமல் நகர்ந்தான்.

நடந்து போகிறவர்களையும் கண்டுகொள்ளும் கருவிகளை ஒருவழியாக அந்தத் தெருவில் பொருத்தினார்கள். ஆள் வந்தால் வெளிச்சம், போனால் மங்கல். கல்லையும் மாற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் சீக்கிரமே வீடு திரும்பி, “வாக்கா, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாம்” என்று கூப்பிட்டான்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

“எனக்கு எதுக்குடா? வேலைக்குப் போறவங்க பார்த்துக்கட்டும்” என்றாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.