வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்

நகராட்சியின் சுற்றுலாச் செயலி வெளியான அன்று காலை, லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு வீட்டில் குரல் இல்லாமல் போனது. செயலிக்குக் குரல் கொடுத்தவள் அவள்தான். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, குரல் மட்டும் வெளியே போயிருக்கிறது என்றார். சளி பிடித்திருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னார். அவளும் அலட்டிக்கொள்ளவில்லை, கையாலேயே காய்கறிக்காரனிடம் பேரம் பேசி ஜெயித்தாள்.

குரல் போன இடம் ஊருக்கே தெரியும். வெளியூர்க்காரர்கள் கோட்டை வாசலிலும் மணிக்கூண்டின் அடியிலும் போனை நீட்டினால் அவள் பேசினாள். எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை, மகராசி. இந்தக் கல்லைத் தூக்கியவனுக்கு முதுகுவலி, இந்த ராணிக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் என்று அளந்துவிட்டாள். விசாரித்தால் அத்தனையும் உண்மையாக இருந்தது. தொப்பி போட்ட ஒருவன் ஊருக்குத் திரும்பாமல் மணிக்கூண்டையே சுற்றிச் சுற்றி வந்தான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தான். எதிர்க் கட்டட மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு அதைப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. என்னிடம் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருப்பாளா என்று குமுறினான். அவள் பேசாமலா இருந்தாள்? இவன்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான். அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

தானும் கேட்டுவிடுவது என்று செயலியைப் போட்டான். அது முகவரி கேட்டது. உள்ளூர் என்றதும் வாயை மூடிக்கொண்டது. நகராட்சிக்குப் போய்ச் சத்தம் போட்டான்.

"இது வெளியூர்க்காரங்களுக்கு மட்டும்தான் சார். நீங்கதான் தினமும் ஊரைப் பாக்கறீங்களே" என்றார் குமாஸ்தா.

"அது என் பொண்டாட்டி சார்!"

"இருக்கட்டும் சார். முகவரி உள்ளூராச்சே."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில் ரூம் போட்டான். லாட்ஜ் முகவரியைக் கொடுத்ததும் அவன் வெளியூர்க்காரன்தான் என்று செயலி ஒப்புக்கொண்டது. மணிக்கூண்டுக்குத்தான் கிளம்பினான். தெருவில் இறங்கிப் போனை எடுத்தபோது அது எதிர்வீட்டை, அதாவது அவன் வீட்டை, பார்த்துவிட்டது. மாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எந்த வருஷம் கட்டியது, யார் கட்டியது என்று ஆரம்பிக்கும் என அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"சாப்பிட்டீங்களா?" என்றது குரல்.

அவன் மாடியை அண்ணாந்து பார்த்தான். "இல்லம்மா. காலையிலேர்ந்து ஒண்ணும் இறங்கல. ஊரே உன் பேச்சைக் கேக்குது, எனக்குப் பொறாமையா இருக்கு" என்று நடுத்தெருவில் வாய்விட்டுச் சொன்னான். சிரிப்பு காதில் கேட்டது. தோள் குலுங்கியது மாடியில் தெரிந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. லாட்ஜ் அறை இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது; சாப்பாடும் தூக்கமும் வீட்டில். மத்தியானம் அவன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஊரிலுள்ள மற்ற போன்களெல்லாம் அமைதியாகிவிடுகின்றன. கோட்டை வாசலில் நகராட்சி ஒரு பலகை மாட்டியிருக்கிறது: சாப்பாட்டு நேரத்தில் குரல் கேட்காது, காத்திருக்கவும். வெளியூர்க்காரர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.